மான்ட்கோமரி மீக்ஸ்: ஒரு உள்நாட்டுப் போரின் கணக்குப்பிள்ளை

உள்நாட்டுப் போர் நடக்கும் காலத்தில் ராணுவ நிர்வாகியின் வாழ்க்கை எப்படி இருந்தது, அவர் தலைநகரில் உட்கார்ந்து கோப்பு பார்த்த எழுத்தர்தானா, போரின் வெற்றி தோல்வியில் அவருக்குப் பங்கு ஏதும் உண்டா என்பதுதான் கேள்வி. பொதுவாகச் சொல்லிப் போவதைவிட ஒருவரை முழுமையாக எடுத்துக்கொண்டு பார்ப்பது பயன்படும் என்பதால், 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலப் படைகளின் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரலாக இருந்த மான்ட்கோமரி மீக்ஸை வைத்து இதற்குப் பதில் சொல்கிறேன். வடக்கின் தளபதிகள் கிராண்ட், ஷெர்மன், தெற்கின் தளபதி லீ ஆகியோரை அறிந்த வாசகர்களில் பலருக்கு இவர் பெயர் தெரியாது. ஆனால் முதல் இருவரும் நடத்திய படைகளுக்குச் செருப்பும் சட்டையும் குதிரையும் வண்டியும் போய்ச் சேர்ந்தது இவருடைய துறையின் வழியாகத்தான்.

முதலில் அந்தப் பதவியின் எல்லை. குவார்ட்டர்மாஸ்டர் துறை உணவை வாங்குவதில்லை. அது கமிசேரி துறையின் பொறுப்பு. துப்பாக்கியும் வெடிமருந்தும் ஆயுதத் துறையுடையவை. மீதி எல்லாமே ஏறத்தாழ இவர் தலையில்: சீருடை, கூடாரம், விறகு, குதிரை, கோவேறு கழுதை, அவற்றின் தீவனம், வண்டி, படகு, கப்பல், ராணுவ ரயில்பாதை, கிடங்கு, தங்குமிடம், மருத்துவமனைக் கட்டடம், கடைசியில் இறந்தவர்களை அடக்கம் செய்வது வரை. உணவை வாங்குவது வேறு துறையாக இருந்தாலும் அதைப் படையிடம் கொண்டு சேர்ப்பது இந்தத் துறைதான். ஆகவே எந்தத் தளபதி எங்கே பட்டினி கிடந்தாலும் கடிதம் வந்து நின்றது மீக்ஸின் மேசையில்.

மீக்ஸ் 1816இல் தென் மாநிலமான ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் பிறந்து, வடக்கே பிலடெல்பியாவில் வளர்ந்தவர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1836இல் தேர்ச்சி பெற்றுப் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு செயின்ட் லூயிஸ் அருகே மிசிசிப்பி ஆற்றை அளவெடுக்கும் பணியில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த இளம் பொறியாளரின் பெயர் ராபர்ட் லீ. 1850களில் வாஷிங்டன் நகருக்குக் குடிநீர் கொண்டுவரும் கால்வாயைக் கட்டும் பொறுப்பும், நாடாளுமன்றக் கட்டடத்தை விரிவாக்கும் பொறுப்பும் மீக்ஸுக்குக் கிடைத்தன. அவற்றை அவரிடம் ஒப்படைத்தவர் அன்றைய போர்த்துறைச் செயலர் ஜெபர்சன் டேவிஸ், பின்னாளில் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்புக்கு அதிபராக ஆனவர். கால்வாய்க்காக மீக்ஸ் கட்டிய 220 அடி ஒற்றை வளைவுக் கல்பாலம் பல பத்தாண்டுகள் உலகின் மிக நீண்ட கல்வளைவாக இருந்தது. டேவிஸ் பதவியிலிருந்து போன பின் வந்த செயலர் ஜான் ஃப்ளாய்டு, ஒப்பந்தங்களைத் தனக்கு வேண்டியவர்களுக்குக் கொடுக்க விரும்பினார், மீக்ஸ் மறுத்தார். பலன், 1860இல் புளோரிடாவுக்கு அப்பால் கடல் நடுவே இருந்த ஜெபர்சன் கோட்டைக்கு மாற்றல். நேர்மையான அதிகாரிக்குத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் என்று நாம் சொல்வோம். இவருக்குத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லாத இடத்துக்குக் கிடைத்தது. அந்த ஆண்டின் இறுதியில் ஃப்ளாய்டு பதவி விலகித் தென்தரப்புக்குப் போனார். மீக்ஸ் வாஷிங்டனுக்குத் திரும்பினார்.

1861 ஏப்ரலில் போர் தொடங்கியபோது குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரலாக இருந்தவர் ஜோசப் ஜான்ஸ்டன். அவர் வர்ஜீனியாக்காரர், தன் மாநிலம் பிரிந்ததும் பதவியைத் துறந்து எதிர்த்தரப்பின் தளபதியாகிவிட்டார். அதாவது, துறையின் கிடங்குகள் எங்கே இருக்கின்றன, எதில் எவ்வளவு கையிருப்பு என்று முழுவதும் அறிந்தவர் எதிரியின் பக்கம் நின்றார். வெளிநாட்டுடன் போர் நடந்தால் ஒரு நிர்வாகிக்கு இந்த நிலை வருவது அரிது. உள்நாட்டுப் போரில் துறையே இரண்டாகப் பிளக்கிறது. படைக்கான கூம்புக் கூடாரத்தை வடிவமைத்த சிப்லி என்ற அதிகாரிக்குக் கூடாரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று உரிமத்தொகை பேசப்பட்டிருந்தது. அவரும் தென்தரப்புக்குப் போனார். வடக்கு அந்தக் கூடாரத்தை ஆயிரக்கணக்கில் தைத்துப் பயன்படுத்தியது, அவருக்குத் தொகை எதுவும் போகவில்லை.

மே 1861இல் மீக்ஸ் அந்தப் பதவிக்கு வந்தார். போருக்கு முன் சுமார் 16,000 பேர் கொண்ட ராணுவத்துக்காக அமைந்த அலுவலகம், சில மாதங்களில் சில லட்சம் பேருக்கு உடை கொடுக்க வேண்டியிருந்தது. முதல் ஆண்டின் குழப்பத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிர்வாகியின் திறமை வெளிப்படும் இடம் அதுதான். ஒவ்வொரு மாநில அரசும் தன் வீரர்களுக்குத் தானே துணி வாங்க இறங்கியதால், ஒரே ஆலையின் வாசலில் பல மாநிலங்களும் மத்திய அரசும் போட்டி போட்டு விலையை ஏற்றின. ஒரு பிரிவு நீலம், இன்னொன்று சாம்பல் என்று நிறம் கலந்ததில், ஜூலை 21 அன்று நடந்த புல் ரன் சண்டையில் யார் நம்மவர், யார் எதிரி என்றே தெரியாமல் போனது. வியாபாரிகள் சிலர் பழைய கம்பளியைக் கிழித்து நூலாக்கி மீண்டும் நெய்த மட்டமான துணியைச் சீருடையாக விற்றார்கள். அது மழையில் பிரிந்து போனது. உள்நாட்டில் போதிய கம்பளித் துணி இல்லை என்று கண்ட மீக்ஸ், ஐரோப்பாவில் துணி வாங்க ஏற்பாடு செய்தார். பிரான்சிலிருந்து 10,000 பேருக்கான முழு உடைத் தொகுதியும் வரவழைத்தார். உடனே பாஸ்டன் துணி வணிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். குளிர் இரவுகளில் மேலங்கி இல்லாமல், மெல்லிய கோடைச் சட்டையோடு எதிரிக்கு முன்னால் காவல் நிற்கிறவன் உங்கள் தறி ஓடும்வரை காத்திருக்க முடியாது என்பதுதான் அவர் அளித்த பதிலின் சாரம்.

ஒப்பந்தப்புள்ளி கோரி, விளம்பரம் கொடுத்து, குறைந்த விலைக்காரருக்குத் தர வேண்டும் என்பது சட்டம். அவசரநிலையில் நேரடியாக வாங்கலாம் என்பதும் அதே சட்டத்தில் இருந்தது. எல்லா ஊழலும் இந்த இரண்டாவது வாக்கியத்தின் வழியாகத்தான் நுழைந்தது என்பது என் கருத்து. செயின்ட் லூயிஸில் வடதரப்புத் தளபதி ஃப்ரீமான்ட்டின் படைக்குக் குவார்ட்டர்மாஸ்டராக இருந்த ஜஸ்டஸ் மெக்கின்ஸ்ட்ரி, இடைத்தரகர்களை வைத்து உயர்ந்த விலைக்குப் பொருள் வாங்கிய குற்றத்துக்காக ராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, 1863 ஜனவரியில் பதவிநீக்கம் செய்யப்பட்டார். அரசை ஏமாற்றும் ஒப்பந்தக்காரரைத் தனிமனிதர் எவரும் வழக்கில் இழுக்கலாம் என்ற சட்டம் அதே ஆண்டு மார்ச்சில் வந்தது. திருத்தங்களுடன் அது இன்றும் அமலில் உள்ளது. மீக்ஸின் கைகள் வழியாக 100 கோடி டாலருக்கும் மேல் செலவானது, அவர் மீது கையூட்டுக் குற்றச்சாட்டு எதுவும் நிலைக்கவில்லை. ஆனால் நேர்மை மட்டும் விலையைக் குறைத்துவிடாது. கருவூலத்தில் காசு இல்லாத மாதங்களில் வியாபாரிகளுக்குப் பணத்துக்குப் பதில் அரசின் கடன் சான்றிதழே கிடைத்தது. அதைச் சந்தையில் தள்ளுபடிக்கு விற்கும்போது ஏற்படும் நட்டத்தை அவர்கள் அடுத்த ஒப்பந்தத்தின் விலையிலேயே சேர்த்துவிட்டார்கள். கருவூலத்தின் வறுமையை மீக்ஸ் துணிவிலையில் செலுத்தினார் என்று சொல்லலாம்.

வேகமும் முறையும் சேர்ந்து நடந்ததற்கும் எடுத்துக்காட்டு உண்டு. மேற்கு ஆறுகளில் சண்டையிட ஏழு கவசப் படகுகள் தேவைப்பட்டபோது, மீக்ஸ் விளம்பரம் கொடுத்துப் புள்ளிகளைப் பெற்று, 1861 ஆகஸ்டில் ஜேம்ஸ் ஈட்ஸ் என்பவருக்குப் படகு ஒன்றுக்கு 89,600 டாலர் விலையில் ஒப்பந்தம் வழங்கினார். படகுகள் ஒப்பந்தத் தேதிக்குச் சில மாதங்கள் பிந்தித்தான் தயாராயின. ஆனாலும் 1862 பிப்ரவரியில் டென்னசி ஆற்றில் ஹென்றி கோட்டை விழுந்தபோது முன்னணியில் நின்றவற்றில் பெரும்பாலானவை இவைதான்.

இனி, இந்தப் பணியின் நடுநாயகமான கணக்குக்கு வருகிறேன். ராணுவ விதிப்படி ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 14 பவுண்டு வைக்கோல், 12 பவுண்டு தானியம். கோவேறு கழுதைக்கு அதே வைக்கோல், 9 பவுண்டு தானியம். ஆறு கோவேறு கழுதைகள் இழுக்கும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறும் ஒரு நாளில் தின்பது 138 பவுண்டு. கெட்ட சாலையில் 2,500 பவுண்டு ஏற்றிக்கொண்டு ஐந்து நாள் போய் ஐந்து நாளில் திரும்ப வேண்டுமானால், வழியில் புல் எதுவும் கிடைக்காத நிலையில், 1,380 பவுண்டைக் கழுதைகளே தின்றுவிடும். படைக்குச் சேருவது பாதிக்கும் குறைவு. இன்னும் ஐந்தாறு நாள் தூரம் கூடினால் வண்டி தன்னையே தின்று முடிக்கும். ரயில் நிலையத்தையோ படகுத்துறையையோ விட்டு ஒரு படை ஏன் அதிகம் விலக முடியவில்லை, தளபதிகள் ஏன் தயங்கினார்கள் என்பதற்கான விடையில் பெரும்பகுதி இந்தக் கழித்தல் கணக்கில் இருக்கிறது. துணிச்சலின்மை என்று செய்தித்தாள்கள் திட்டிய பல தாமதங்கள் உண்மையில் தீவனத் தட்டுப்பாடுதான். எல்லாத் தாமதங்களும் அல்ல. வடதரப்புத் தளபதி மெக்லெல்லனுக்கு இந்தச் சலுகையை முழுவதும் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆகவே வண்டிகளைக் குறைப்பதுதான் படையை நகரவைக்கும் வழி என்று மீக்ஸ் கண்டார். பிரெஞ்சு ராணுவ முறையைப் படித்து, சுமையைக் குறைத்து வேகமாக நகரும் படைப்பிரிவுகள் பற்றிய குறிப்பை 1862இல் தளபதிகளுக்குச் சுற்றுக்கு விட்டார். பெரிய கூடாரங்களுக்குப் பதிலாக, ஆளுக்கு ஒரு பாதியாக இரண்டு வீரர்கள் முதுகில் சுமந்து, இரவில் பொத்தான் போட்டு இணைத்து நட்டுக்கொள்ளும் சிறு கூடாரம் வந்தது. வீரர்கள் அதை நாய்க்கூண்டு என்று கேலி செய்தார்கள்; அதில் குனிந்துதான் நுழைய முடியும். ஆனால் கூடாரம் ஏற்றிச் சென்ற வண்டிகளும் அவற்றை இழுத்த விலங்குகளும் அவற்றின் தீவனமும் ஒரே அடியாகக் கணக்கிலிருந்து நீங்கின.

ரயில் இருந்தால் நிலைமையே வேறு. ராணுவ ரயில்பாதைகள் மீக்ஸின் துறைக்குள் வந்தாலும், அவற்றை நடத்திய டேனியல் மெக்கல்லம், ஹெர்மன் ஹாப்ட் போன்ற ரயில்வே வல்லுநர்களிடம் தினசரி வேலையை விட்டுவிட்டார். தெரிந்தவனிடம் வேலையைக் கொடுத்து ஒதுங்கி நிற்கும் இந்தப் பண்பு பிடிவாதக்காரரான அவரிடம் இருந்தது வியப்புதான். 1864இல் அட்லாண்டா நோக்கிப் போன ஷெர்மனின் 1,00,000 வீரர்களையும் 35,000 விலங்குகளையும் 196 நாட்கள் தாங்கியது லூயிவில்லிலிருந்து வந்த 473 மைல் நீள ஒற்றைத் தண்டவாளம். அதே பொருளை வண்டியில் கொண்டுசேர்க்க, ஆறு கோவேறு கழுதைகள் பூட்டிய 36,800 வண்டிகள் வேண்டியிருக்கும் என்று ஷெர்மனே கணக்கிட்டு எழுதினார். அந்தச் சாலைகளில் அது நடக்கவே நடக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

போர்முனையை அவர் பார்த்தாரா என்றால், பார்த்தார். 1863 செப்டம்பரில் சிக்கமாகா சண்டையில் தோற்று, டென்னசி மாநிலத்தின் சட்டநூகா நகரில் முற்றுகைக்குள் சிக்கிய வடதரப்புப் படையிடம் அவரே போய்ச் சேர்ந்தார். மலைப்பாதையில் சுமார் 60 மைல் சுற்றி வந்த வண்டிகளை நம்பி அந்தப் படை பட்டினியில் கிடந்தது. ஏறத்தாழ 10,000 குதிரைகளும் கோவேறு கழுதைகளும் மடிந்தன. அக்டோபர் இறுதியில் டென்னசி ஆற்றின் வழியாக விநியோகப் பாதை திறந்தது. அந்த ஆற்றங்கரையிலேயே கட்டிய ஒரு நீராவிப் படகு ரொட்டியையும் இறைச்சியையும் ஏற்றி வந்தது. நவம்பர் 25 அன்று மிஷனரி ரிட்ஜ் மேட்டின் மீது வீரர்கள் ஏறிய காட்சியைக் கிராண்டின் அருகில் நின்று பார்த்தவர்களில் மீக்ஸும் ஒருவர். 1864 ஜூலையில் தென்தரப்புத் தளபதி ஜூபல் எர்லியின் படை வாஷிங்டனின் வாசலுக்கே வந்தபோது, தன் துறையின் எழுத்தர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் துப்பாக்கி கொடுத்து, சுமார் 1,500 பேரைக் காவலரணில் நிறுத்தினார். அதே ஆண்டு இறுதியில் ஷெர்மன் ஜார்ஜியாவைக் கடந்து எந்தக் கரையில் வெளிப்படுவார் என்று தெரியாத நிலையில், அட்லாண்டிக் கரையில் போர்ட் ராயலிலும் மெக்சிகோ வளைகுடாவில் பென்சகோலாவிலும் சரக்கைத் தயாராக வைத்தார். சவானாவில் கடலைத் தொட்ட படைக்குக் கப்பல்கள் காத்திருந்தது தற்செயல் அல்ல.

இவ்வளவு வேலையையும் செய்த கைகள் யாருடையவை என்ற கேள்வியும் உண்டு. பிலடெல்பியா போன்ற நகரங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்குச் சீருடை தைத்தார்கள். ஒப்பந்தக்காரர்கள் கொடுத்த கூலி அரசுக் கிடங்கு கொடுத்ததைவிடக் குறைவு என்று அவர்கள் லிங்கனிடமே முறையிட்டார்கள். தெற்கில் படை நுழைந்த இடங்களில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் வண்டியோட்டிகளாகவும் சுமைதூக்குவோராகவும் துறையில் பெருமளவில் சேர்ந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, ஓய்வூதியத் துறைக்காக மீக்ஸ் வாஷிங்டனில் கட்டிய செங்கல் மாளிகையைச் சுற்றி 1,200 அடி நீளத்தில் போர்வீரர்களின் சிற்ப வரிசை அமைந்தபோது, அதில் குவார்ட்டர்மாஸ்டர் வண்டியை ஓட்டுபவர் போரால் விடுதலை பெற்ற கறுப்பினத்தவராக இருக்க வேண்டும் என்று சிற்பியிடம் வலியுறுத்தினார்.

லிங்கன் அவரை நம்பினார். 1862 ஜனவரியில் தலைமைத் தளபதி மெக்லெல்லன் டைபாய்டில் படுத்திருக்க, கருவூலம் காலியாக இருக்க, மக்கள் பொறுமையிழந்திருக்க, அதிபர் மீக்ஸின் அலுவலகத்துக்கு வந்து கணப்பின் முன் உட்கார்ந்து, தொட்டியின் அடியே கழன்றுவிட்டது, நான் என்ன செய்வேன் என்று கேட்டதை மீக்ஸ் பதிவு செய்திருக்கிறார். மற்றத் தளபதிகளைக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்றார் அவர். லிங்கனும் அப்படியே செய்தார். 1865 ஏப்ரலில் சுடப்பட்ட அதிபர் உயிருக்குப் போராடிய வீட்டின் வாசலில் நின்று, உள்ளே யாரை விடுவது என்று பார்த்துக்கொண்டவரும் மீக்ஸ்தான்.

இனி, இந்த வாழ்க்கையின் கசப்பான பக்கம். இவருடைய சகோதரர் ஒருவர் ஜார்ஜியாவில் வாழ்ந்து தென்தரப்பை ஆதரித்தார். பழைய நண்பர்கள் எதிரிப்படையில் இருந்தார்கள். அவர்களைத் துரோகிகள் என்றே மீக்ஸ் கருதினார்; இதில் அவரிடம் நெகிழ்ச்சியே இல்லை. வாஷிங்டனுக்கு எதிரே, போடோமாக் ஆற்றின் மறுகரையில் ஆர்லிங்டனில் இருந்த லீ குடும்பத்தின் மாளிகையை, 92 டாலர் 7 சென்ட் வரியை உரிமையாளர் நேரில் வந்து கட்டவில்லை என்ற காரணத்தைக் காட்டி, 1864 ஜனவரியில் அரசே 26,800 டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. அந்த ஆண்டு கோடையில் வாஷிங்டன் மருத்துவமனைகளில் இறந்தவர்களை அடக்கம் செய்ய இடம் இல்லாமல் போனபோது, அந்த நிலத்தைத் தேசிய இடுகாடாக்கப் பரிந்துரைத்தவர் மீக்ஸ். இடம் தேவை என்பது உண்மை. அடக்கம் செய்வது அவர் துறையின் கடமை என்பதும் உண்மை. ஆனால் முதல் சடலங்களை வீட்டிலிருந்து தள்ளிப் புதைத்திருந்ததைக் கண்டு, லீயின் மனைவி வளர்த்த ரோஜாத் தோட்டத்தின் ஓரத்திலேயே அதிகாரிகளைப் புதைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது கணக்குப்பிள்ளையின் செயல் அல்ல. அந்த வீட்டில் இனி யாரும் குடியேறக் கூடாது என்பதே நோக்கம். ஒப்பந்தக்காரர்களிடம் வளைந்து கொடுக்காத அதே பிடிவாதம் இங்கே பழிவாங்கலாக மாறியது என்றுதான் நான் படிக்கிறேன். 1882இல் உச்ச நீதிமன்றம், நிலத்தை எடுத்த முறை செல்லாது என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அரசு லீயின் மகனுக்கு 1,50,000 டாலர் கொடுத்து நிலத்தை முறைப்படி வாங்க வேண்டியதாயிற்று.

ஆர்லிங்டன் உத்தரவு வந்த அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி, வெஸ்ட் பாயின்ட்டில் தன் வகுப்பில் முதலிடம் பெற்ற மகன் ஜான், வர்ஜீனியாவின் டேட்டன் ஊருக்கு அருகே எதிரிக் குதிரைவீரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். சண்டையில் அல்ல, சரணடைந்த பின் கொலை செய்யப்பட்டார் என்றே தந்தை கடைசி வரை நம்பினார். எதிர்த்தரப்பு அதை மறுத்தது. அங்கிருந்த வடதரப்புத் தளபதி ஷெரிடன் ஆத்திரத்தில் சுற்றுவட்டார வீடுகளை எரிக்க ஆணையிட்டார்; டேட்டன் ஊர் மட்டும் பிறகு தப்பியது. ஜானின் கல்லறை இன்று ஆர்லிங்டனில், தந்தையின் கல்லறைக்கு அருகில் இருக்கிறது; மண்ணில் விழுந்து கிடக்கும் நிலையில் வெண்கலத்தில் வார்த்த அவர் உருவம் அதன் மேல் உள்ளது.

1865இல் வீரர்கள் வீட்டுக்குப் போனார்கள். நிர்வாகிக்கு அப்போதும் வேலை முடியவில்லை. கப்பல்களையும் குதிரைகளையும் கிடங்குகளையும் ஏலம் விட வேண்டும்; போர்க்களங்களில் அவசரமாகப் புதைத்தவர்களைத் தோண்டி எடுத்துத் தேசிய இடுகாடுகளுக்கு மாற்ற வேண்டும். அத்துடன், படை எடுத்துக்கொண்ட குதிரைக்கும் வைக்கோலுக்கும் பிரித்து எரித்த வேலிக்கும் விலை கேட்டு விசுவாசமான குடிமக்கள் மனுச் செய்யலாம் என்ற 1864 சட்டத்தின் கீழ் மனுக்கள் வந்துகொண்டே இருந்தன. மனுதாரர் உண்மையில் விசுவாசமானவரா, அந்த வைக்கோலை எடுத்தது எந்தப் படைப்பிரிவு, ரசீது கொடுத்தார்களா என்று ஒவ்வொன்றையும் துறை விசாரிக்க வேண்டியிருந்தது. 1882 பிப்ரவரியில், தன் விருப்பத்துக்கு மாறாக, மீக்ஸ் ஓய்வு பெற வைக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த டேனியல் ரக்கர் பத்து நாள் மட்டும் பதவியில் இருந்து ஓய்வு பெற, போர்க்காலத்தில் கிராண்டின் சிட்டி பாயின்ட் கிடங்கை நடத்திய ரூஃபஸ் இங்கல்ஸ் பொறுப்பேற்றார். ஏறத்தாழ 21 ஆண்டுகள் ஒருவரே அமர்ந்திருந்த நாற்காலியில் அந்த ஒரே மாதத்தில் மூவர் அமர்ந்தார்கள். தீராத மனுக்கள் மூன்றாமவரின் மேசைக்குப் போயின.